நெய்யும் மாவும்: ‘காசுக்கேற்ற தோசை’ என்னும் ரவுட்டர் தத்துவத்துக்கு ஒரு மறுப்பு

கொடுக்கும் விலைக்கு ஏற்ற பொருளே கிடைக்கும் என்னும் கருத்தைத் தமிழர் ‘காசுக்கேற்ற தோசை’ என்று சொல்லி முடித்துவிடுவர். உணவகத்தில் பிறந்த இந்த வாசகம் துணிக்கடை, மரக்கடை, மருத்துவமனை எனப் பல இடங்களுக்கும் பரவி, கடந்த பல ஆண்டுகளாக மின்னணுக் கடைகளிலும் ஒரு வேதவாக்காக நிலைபெற்றுவிட்டது. வீட்டுக்கு வரும் இணைய இணைப்பைக் கம்பியின்றி அறைதோறும் பகிர்ந்தளிக்கும் கருவியான ரவுட்டரை, அதாவது கலைச்சொல் அகராதிகள் ‘திசைவி’ என்று குறிக்கும் பெட்டியை, வாங்கச் செல்பவர் அது பாதுகாப்பானதா என்று ஒரு முறை கேட்டால் போதும். கூடுதல் விலை கொடுத்தால் பாதுகாப்பு தானே வரும் என்னும் விடை சென்னை ரிச்சி தெருக் கடைகளில் தொடங்கி நுகர்வோர் வழிகாட்டிக் கட்டுரைகள் வரை ஒரே சுருதியில் ஒலிக்கிறது.

இவ்வாறு கூறுவோர் அதற்குச் சான்று காட்டுவதில்லை. தோசைக்கு எதற்குச் சான்று என்று கருதுகிறார்கள் போலும். ஆயினும் அவர்களுடைய கூற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு கிளைகள் தென்படும். புதிய குறியாக்கம் முதலிய வசதிகள் விலை உயர்ந்த கருவிகளில்தான் உள்ளன என்பது முதலாவது. மலிவுக் கருவிகளே தாக்குதலுக்கு இரையாகின்றன என்பது இரண்டாவது. விலை கூடினால் உள்ளிருக்கும் மென்பொருளின் தரமும் கூடும் என்பது மூன்றாவது. பெயர்பெற்ற நிறுவனம் தன் வாடிக்கையாளரைக் கைவிடாது என்பது நான்காவது. இவற்றுள் முதல் மூன்றும் சிறிய பிழைகள். நான்காவது, மற்ற மூன்றையும் தாங்கி நிற்கும் பெரும்பிழை.

முதற்கூற்றுக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க இயலாதவாறு உருமாற்றுவதே குறியாக்கம். அதன் அண்மை வடிவமான டபிள்யூபிஏ3, வைஃபை கூட்டமைப்பால் 2018இல் அறிமுகப்படுத்தப்பட்டு, 2020 ஜூலை முதல் அக்கூட்டமைப்பின் சான்று பெறும் புதிய கருவிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது; எனவே சான்று பெற்ற புதிய கருவியின் விலை இரண்டாயிரம் ரூபாயாயினும் இருபதாயிரம் ரூபாயாயினும் அது உள்ளே இருந்தாக வேண்டும். சான்று முத்திரையே காவல் என்று அடுத்த படிக்குத் தாவுவோர், அதே கூட்டமைப்பு சான்றளித்த டபிள்யூபிஎஸ் என்னும் வசதியின் கதையை அறிந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் சிரமமின்றி, 8 இலக்க எண் ஒன்றைக் கொண்டு கருவிகளை இணைப்பதற்காக ஏற்பட்ட இந்த வசதியில் பத்துக் கோடி வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும், மீதமுள்ள ஏழையும் ரவுட்டர் நான்கு, மூன்று என இரு துண்டுகளாக்கித் தனித்தனியே சரி, தவறு என்று விடை சொல்லிவிடுவதாலும், 10,000 முயற்சிகளும் அவற்றோடு 1,000 முயற்சிகளும் சேர்ந்த 11,000 முயற்சிகளுக்குள் பூட்டு திறந்துவிடும் என்பதை ஷ்டெஃபான் ஃபீபொக் என்னும் ஆய்வாளர் 2011 டிசம்பரில் வெளிப்படுத்தினார். மலிவுப் பெட்டியிலும் விலை உயர்ந்த பெட்டியிலும் தொங்கியது அதே பூட்டுத்தான்.

மலிவுக் கருவிகளே இரையாகின்றன என்னும் இரண்டாம் கூற்று, தாக்குபவர் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார் என்று நம்புகிறது. 2016இல் இணையத்தின் பெரும் பகுதியைத் தடுமாறச் செய்த மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்டு உரிமையாளரால் மாற்றப்படாத பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் ஏறத்தாழ அறுபதை மட்டுமே மனப்பாடம் செய்திருந்தது. அந்தப் பட்டியலில் விலைக்கு இடமே இல்லை. நீதிமன்ற ஆணையின்பேரில் துப்புரவு செய்ததாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை அறிவித்த, ரஷ்ய ராணுவ உளவுத்துறையால் பயன்படுத்தப்பட்ட ரவுட்டர்களின் கூட்டம், வலையமைப்பு வல்லுநர்கள் மதித்து வாங்கும் யுபிக்விட்டி நிறுவனத்தின் எட்ஜ்ரவுட்டர்களால் ஆனது. அவற்றுக்குள் நுழைய வழிவிட்டதும் மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லே. இந்தியாவில் 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னர் ஊடகங்களுக்கு அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவரின் வீட்டு இணைப்பில் போய் நின்றபோது, அவர் விசாரணைக்கு உள்ளானார். அவருடைய வயர்லெஸ் இணைப்பை வேறு எவரோ பயன்படுத்திக்கொண்டனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அந்த வீட்டு ரவுட்டரின் விலை என்ன என்று அன்று எவரும் கேட்கவில்லை; அது பூட்டியிருந்ததா என்றே கேட்டனர். நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று சிரிப்பவர்களுக்கும் இந்நிகழ்வே விடை: திருடப்படுவது வீட்டுப் பொருளன்று, வீட்டு முகவரி.

மூன்றாம் கூற்று தோசை உவமையின் உயிர்நிலை. நெய் ரோஸ்ட்டுக்கும் சாதாத் தோசைக்கும் விலை வேறு. ஆனால் இரண்டும் ஊற்றப்படுவது ஒரே பாத்திரத்து மாவிலிருந்துதான் என்பதை உவமை சொல்வோர் மறந்துவிடுகின்றனர். ரவுட்டர்த் தொழிலும் அத்தகையதே. சில்லு தயாரிக்கும் சில நிறுவனங்கள் தம் சில்லுடன் ஓர் ஆயத்த மென்பொருள் தொகுப்பையும் தருகின்றன. கருவி விற்கும் நிறுவனங்கள் அதன்மேல் தம் சின்னத்தையும் வண்ணத்தையும் பூசி, ஃபர்ம்வேர், அதாவது கருவியின் நினைவகத்திலேயே பதிந்திருந்து அதனை இயக்கும் மென்பொருள், என்று விற்கின்றன. மாவு புளித்தால் ரோஸ்ட்டும் புளிக்கும் என்பதற்கு 2015இல் வெளிப்பட்ட நெட்யுஎஸ்பி விவகாரத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரவுட்டரில் செருகிய அச்சுப்பொறியையும் வன்தட்டையும் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ள உதவும் அந்த நிரல்கூற்றை எழுதியது கேகோட்ஸ் என்னும் ஒரே தைவான் நிறுவனம். அதனை வாங்கித் தம் பெட்டிகளில் வைத்தவையோ ஒன்றோடொன்று போட்டியிடுவதாக விளம்பரம் செய்த பல நிறுவனங்கள். இணையும் கணினியின் பெயர் 64 எழுத்துகளைத் தாண்டினால் நினைவக எல்லை உடைந்து, இயக்குதளத்தின் கருவறைக்குள்ளேயே அந்நியர் நுழைய வழி ஏற்படும் என்னும் பிழை அவ்வளவு பெட்டிகளிலும் ஒரே வடிவில் இருந்தது. இதில் சுவையான பகுதி ஒன்று உண்டு. யுஎஸ்பி செருகுவாய் என்பது கூடுதல் விலைக்குக் கிடைக்கும் வசதி. செருகுவாயே இல்லாத எளிய பெட்டியை வாங்கியவர் இந்தப் பிழையிலிருந்து தானாகவே தப்பினார். காசுக்கேற்ற ஓட்டை என்று இதனைச் சொல்லலாம். இந்தப் பிழைக்கு முதலில் திருத்தம் வெளியிட்ட நிறுவனம், மலிவுப் பெட்டிகளுக்குப் பெயர்போன டிபி-லிங்க் என்பதும் உவமைக்காரர்களின் கட்டுரைகளில் காணப்படாத செய்தி.

இனி நான்காம் கூற்று. பெயர்பெற்ற நிறுவனம் வாடிக்கையாளரைக் கைவிடாது என்பது நம்பிக்கை. அது உண்மையா என்று அளந்து பார்க்க ஒரு கருவி உண்டு, அதன் பெயர் புதுப்பிப்பு. மென்பொருளில் பிழை இல்லாத ரவுட்டர் உலகில் இல்லை; ஆகவே ஒரு ரவுட்டரின் பாதுகாப்பு என்பது, பிழை வெளிப்பட்ட நாளுக்கும் அதன் திருத்தம் வீட்டுப் பெட்டியைச் சென்றடையும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிகிறது, எந்த ஆண்டு வரை அத்தகைய திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்னும் இரு கேள்விகளில் அடங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் எஃப்கேஐஇ ஆய்வு நிறுவனம் 2020இல் ஏழு பெயர்பெற்ற நிறுவனங்களின் 127 வீட்டு ரவுட்டர்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 46 கருவிகள் அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைக்கூடப் பெற்றிருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, 2011ஆம் ஆண்டோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன லினக்ஸ் 2.6.36 அல்லது அதனினும் பழைய கருநிரலில், அதாவது இயக்குதளத்தின் மையநிரலில், ஓடிக்கொண்டிருந்தன. பெயர் தெரியாத சந்தைச் சரக்குக்கு அந்தப் பட்டியலில் இடமே தரப்படவில்லை என்பதைக் கருதும்போது, ‘நல்ல கம்பெனி’ என்னும் சொற்றொடரின் பொருள் சற்றே நிறம் மாறுகிறது.

தனிச் சான்று வேண்டுவோருக்கு நெட்கியர் நிறுவனத்தின் ஆர்7000 போதும். 2013இல் ஏறத்தாழ 200 டாலர் விலையில் வெளிவந்து, பல ஆண்டுகள் பரிந்துரைப் பட்டியல்களின் உச்சியில் வீற்றிருந்த இந்த ரவுட்டரில், தீய நோக்குடைய ஒரு வலைப்பக்கத்தை உரிமையாளர் திறந்தாலே போதும், ரவுட்டருக்குள் எந்தக் கட்டளையையும் ஓடச் செய்யலாம் என்னும் பிழை இருந்தது. கண்டறிந்தவர் அதனை 2016 ஆகஸ்டிலேயே நிறுவனத்துக்குத் தெரிவித்தும் பல மாதங்கள் திருத்தம் வராமற்போகவே, டிசம்பரில் விவரம் வெளியானபோது, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிஇஆர்டி ஒருங்கிணைப்பு மையம், திருத்தம் வரும்வரை அக்கருவியைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுவது பற்றிச் சிந்திக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. 200 டாலர் கொடுத்து வாங்கிய காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பதே அதன் பொருள்.

அதனோடு லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தை ஒப்பிடலாம். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் அதன் ஹேப் லைட் என்னும் கையடக்கப் பெட்டியில் ஓடுவது, அதே நிறுவனத்தின் பன்மடங்கு விலையுள்ள பெரிய கருவிகளில் ஓடும் அதே இயக்குதளம். புதுப்பிப்பும் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. அந்த இயக்குதளத்திலும் 2018இல் கடும் பிழை ஒன்று வெளிப்பட்டது. ஏப்ரல் மாதத்திலேயே திருத்தம் வெளியாகியும், ஆகஸ்டில் பிரேசில் தொடங்கிப் பல நாடுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் கருவிகள், அவற்றின் வழியே இணையம் பார்ப்போரின் கணினிகளில் அந்நியருக்காக மறைநாணயம் கணிக்கச் செய்யும் நிரலைப் புகுத்தும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. அவ்வாறு பிடிபட்டவை திருத்தம் ஏற்றப்படாத கருவிகள். ஏற்றியவர் சிறிய பெட்டி வைத்திருந்தாலும் தப்பினார், ஏற்றாதவர் பெரிய பெட்டி வைத்திருந்தும் அகப்பட்டார்.

கைவிடுதல் தற்செயலாக நேர்வதன்று, அது வணிகத் திட்டத்தின் ஓர் உறுப்பு. நிறுவனங்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் ‘ஆயுள் முடிவு’ என்று ஒரு நாள் குறிக்கின்றன. அன்றுடன் திருத்தங்கள் நிற்கும், விளக்குகள் மட்டும் முன்போலவே மினுக்கிக்கொண்டிருக்கும். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அறிவித்தபடி, சீன அரசின் ஆதரவு பெற்ற ஊடுருவல் குழுவொன்று தன் தடத்தை மறைக்கப் பயன்படுத்திய ரவுட்டர்களில் மிகப்பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் என்னும் இரு பெரும் பெயர்களைத் தாங்கியவை. அவை எளிதில் வசப்பட்டதற்கு அந்தத் துறையே கூறிய காரணம், அவற்றின் ஆயுள் முடிந்து திருத்தங்கள் நின்றுபோயிருந்தன என்பதாகும். அவற்றை வாங்கியவர்கள் காசைக் குறைத்துக் கொடுத்தவர்கள் அல்லர்.

மலிவுக் கருவிகள் சிலவற்றில் 4 மெகாபைட் நினைவகமே இருப்பதால் புதுப்பிப்பு ஏற இடமிராது என்னும் வாதமும் எழுவதுண்டு. அது மெய்தான், ஆனால் அதற்கு நினைவக அளவைப் பார்க்க வேண்டுமேயன்றி விலையைப் பார்க்க வேண்டியதில்லை. நிறுவனம் கைவிட்ட மாதிரிகள் பலவற்றுக்கு 2004 முதல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் தன்னார்வலர் திட்டம் காசு கேளாமல் ஃபர்ம்வேர் அளித்துவருவதும் இங்கு நினைவுகூரத்தக்கது. விலை உயர்ந்த ரவுட்டர்கள் பலவற்றில் ‘முழுப் பாதுகாப்பு’க்கு ஆண்டுச் சந்தா தனியே கேட்கப்படுகிறது, பாதுகாப்பு விலையிலேயே அடங்கியிருந்தால் சந்தா எதற்கு என்னும் ஐயத்தை உவமைக்காரர்கள் தீர்த்துவைத்தால் நலம்.

அப்படியாயின் கூடுதல் காசு எதனை வாங்குகிறது? கவிழ்த்துவைத்த சிலந்தியின் கால்களைப் போல் நீட்டிய எட்டு ஆன்டெனாக்களை வாங்குகிறது. பல அறைகளுக்கு எட்டும் வீச்சை, ஒரே நேரத்தில் பல கருவிகள் இணையும் வேகத்தை வாங்குகிறது. இவை தேவைப்படும் வீடுகள் உண்டு. அவை நெய், மாவு வேறு. மாவின் நாளைக் கேட்கும் வழக்கம் சில நாடுகளில் சட்டமாகவே வந்துவிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடைசெய்வதோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள் வரை வரும் என்பதை விற்போர் வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. சிங்கப்பூர் 2020இல் தொடங்கிய இணையப் பாதுகாப்புச் சீட்டுத் திட்டத்தில் கருவிகளை நான்கு நிலைகளாகத் தரம்பிரித்து, அங்கு விற்கும் வைஃபை ரவுட்டர்கள் முதல் நிலையையேனும் எட்டியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியுள்ளது. இரு நாடுகளும் விலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

இந்தியாவில் ரவுட்டர்ப் பெட்டியின்மேல் அதிகபட்ச சில்லறை விலையும் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதை அச்சிட வேண்டும் என்னும் விதி இல்லை. ரவுட்டர்க் கடை இருக்கும் அதே தெருவின் மளிகைக் கடையில் விற்கும் தோசை மாவுப் பொட்டலத்தின்மேல், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கிறது.