வாகனம் கொதித்தால் வீடும் கொதிக்கும்: உதிரிப்பாக விலையும் வடக்கின் சிறு உழைப்பாளரும்

கொக்குவில் கராஜ்களில் திருத்தத்துக்கு நிற்கும் வாகனங்களைப் பார்த்தாலே நாட்டின் பொருளாதார நிலை விளங்கிவிடும். புதியவை குறைவு. இருபது வருடம் ஓடிய வான், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பட்டா, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பழைய ஹயஸ் என்பனவே அதிகம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். நீங்கிய பிறகும் வரிச்சுமையால் புதிய வாகனம் சாதாரண உழைப்பாளிக்கு எட்டவில்லை. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்தத் திருத்தங்களில் குடும்பத்தை அதிகம் உலுக்குவது ஹெட் கஸ்கற் போவது. இஞ்சின் புளொக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடு அது. எரிவாயு, தண்ணீர், ஒயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், தகடு பிடிப்பை இழக்கும். வெள்ளைப் புகை, வெளியே ஒழுக்கு இல்லாமலே குறையும் தண்ணீர், பால்கலந்த தேநீர் போல மாறும் ஒயில் ஆகியவை அதன் அடையாளங்கள்.

தகட்டின் விலை மட்டும் பெரிதல்ல. ஹெட்டைக் கழற்றும் கூலி, அதை லேத்தில் கொடுத்து மட்டம் பிடிக்கும் செலவு, புதிய ஒயில், தேவைப்பட்டால் றேடியேற்றரும் வோட்டர் பம்பும் என்று கணக்கு நீளும். கடந்த ஆண்டு எனது வானுக்கும் இதுதான் நடந்தது. கழற்றிய பிறகே ஹெட் வளைந்திருப்பது தெரிந்தது. முதலில் சொன்ன தொகை இரண்டு மடங்கானது. இரண்டு வாரம் வான் ஓடவில்லை. லீசிங் தவணை மட்டும் ஓடியது.

கராஜ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அந்த ஆண்டு மே மாதத்தில் அது 360ஐத் தாண்டியது. பின்னர் இறங்கி 300ஐ அண்டி நின்றது. அதே காலத்தில் பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 50 டொலர் பெறுமதியான ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். மற்ற வரிகளையும் இலாபத்தையும் விட்டுவிட்டாலும், அன்று 10,800 ரூபா. 300 ரூபாக் கணக்கில் 17,700 ரூபா. வாடகைக்கு ஓடுபவரின் வருமானம் அந்த அளவுக்கு ஏறவில்லை.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உதிரிப்பாகமும் இல்லாமல் இருந்தவர்கள் நாம். சில துளி பெற்றோலைக் காட்டி இஞ்சினை இயக்கி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. அன்று பொருள் இல்லை. இன்று கடையில் பொருள் இருக்கிறது, வாங்கக் கையில் காசில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது வட்டிக் கடன்.

இன்னொரு காரணம் நமது நிலத்திலேயே இருக்கிறது. குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். கூலன்ற் விலை ஏறியதும் பலர் கிணற்றுநீரையே ஊற்றுகிறார்கள். இன்று மிச்சம் பிடிக்கும் காசு நாளை ஹெட்டோடு போகும். வெப்பமானி முள் ஏறினால், ஓட்டம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். சூடு ஆறுமுன் மூடியைத் திறக்கக் கூடாது.

தனிமனிதக் கவனம் மட்டும் போதாது. உழைக்கும் வாகனங்களின் அத்தியாவசிய உதிரிப்பாகங்களுக்கு வரிச்சலுகை வேண்டும். நமது கூட்டுறவுச் சங்கங்கள் திருத்தச் செலவுக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுக்கலாம். கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கழற்றுவதற்கு முன்பே பழுதின் அளவைச் சோதித்துச் சொல்லும் சேவை ஒன்றை அங்கு தொடங்கினால் மாணவருக்கும் பயிற்சி, சனத்துக்கும் உதவி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. உதிரிப்பாகம் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

மீள்கட்டமைப்பு என்றால் வீதிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த வீதியில் ஓடி உழைக்கும் வாகனம் ஒரு பழுதோடு முற்றத்தில் நின்றுவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வீதியால் என்ன பயன்?