பழமைக் கோலமும் பறிபோன எழுத்தும்

மொழியை நீக்கிய பழமை உயிர் நீங்கிய உடலே. இவ்வுண்மையை இற்றை இசைக்காணொளி இயக்குநர்க்கு இடித்துரைப்பார் இலர்.

திரைப்பட முதலாளிகளின் கையை எதிர்பாராமல், தாமே பாட்டெழுதி, தாமே இசைத்து, தாமே காட்சியமைத்து வெளியிடும் தற்சார்பு இசைக்குழுக்கள் தமிழ்நாட்டில் பெருகி வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. அக்காணொளிகளில் பழமைக் கோலம் புனைவது இன்று ஒரு பெருவேட்கையாகியுள்ளது. குமிழ் திருகும் வானொலிப் பெட்டி, ஒலித்தட்டு, ஓலைக்கொட்டகை, மங்கிய வண்ணம் என 1970களும் 1980களும் மீண்டும் உலாவருகின்றன. எல்லாம் மீண்டன, எழுத்து மட்டும் மீளவில்லை!

அக்காலத் தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் ஓடிய பெயர்ப்பட்டியலை எண்ணிப் பார்க்க. 'ஒளிப்பதிவு', 'படத்தொகுப்பு' என அழகிய தமிழ் எழுத்தில் அன்றோ அவை விளங்கின? 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் 'லை', 'னை' முதலியன யானைத் தும்பிக்கைபோல் வளைந்து நின்றன. பழமையைக் காட்ட விழைவார் அவ்வெழுத்தையன்றோ முதலில் தேடியிருத்தல் வேண்டும்? அவரோ பட்டியல் முழுவதையும் ஆங்கிலத்தில் ஓடவிடுகிறார். திண்ணை வேண்டும், தாவணி வேண்டும். தாய்மொழி மட்டும் வேண்டாவாம்!

பெயர்களின் நிலையும் இஃதே. 2018இல் சென்னையில் அரங்கேறிய 'காசுட்லெசு கலெக்டிவ்' குழுவின் கொள்கை உயர்ந்தது. அப்பெயர்க்கு வேர், அயோத்திதாசர் முழங்கிய சாதியற்ற தமிழர் என்னும் கருத்து. வேர் தமிழ், பெயர்ப்பலகை ஆங்கிலம்! 2021 மார்ச்சு 7இல் அமித் கிருட்டிணன் இயக்கத்தில் வெளிவந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை நெஞ்சிற் கொண்டு அறிவு எழுதிய பாட்டு அது. பலகோடி முறை பார்க்கப்பட்டது. நிலமற்றோர் வரலாற்றைப் பாடும் பாட்டின் தலைப்பில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை? உலகம் அதனை விரும்பியது ஆங்கில ஒட்டுக்காக அன்று, ஒப்பாரியின் உயிர்ப்புக்காகவே.

ஆங்கிலப் பெயரின்றி விலைபோகாது என்பர் சிலர். 2006இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்கட்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. ஆங்கிலப் பெயர்கள் மளமளவென உதிர்ந்தன. தமிழ்ப்பெயர் என்பதற்காக மக்கள் எப்படத்தையும் ஒதுக்கினாரிலர். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் அவ்விலக்குப் பொருளிழந்தது. ஆங்கிலப் பெயர்கள் மீண்டும் அணிவகுத்தன. காசுக்காகத் தமிழெழுதிய கை, காசு நின்றதும் தமிழை உதறிற்று! தற்சார்புக் குழுவினர்க்கோ வரியைக் காட்டித் தப்பவும் வழியில்லை. முதலாளியைக் காட்டித் தப்பவும் வழியில்லை. தம் பெயரைத் தாமே சூட்டும் உரிமையுடையார் அயற்பெயர் சூட்டின், அக்குற்றம் முழுவதும் அவருடையதே.

கோபிசெட்டிபாளையத்தைச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்பர். கொடிவேரித் தடுப்பணையும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் வயல்களும் எத்துணைப் படங்கட்குக் களமாயின! அப்பசுமையை அள்ளிச் சென்றவர்கள் கொங்குத் தமிழைப் பெரும்பாலும் நகைப்புக்கே வைத்துக்கொண்டனர். பழமை தேடிவரும் இளைய இயக்குநரும் அவ்வழியே செல்லலாமா? இரவெல்லாம் அண்ணன்மார் கதை பாடும் உடுக்கைப்பாட்டு இம்மண்ணில் உண்டு; ஒயிற்கும்மி உண்டு; பெருஞ்சலங்கை ஆட்டம் உண்டு. கனடாவினரான பிரெண்டா பெக் அம்மையார் கொங்குநாட்டுக்கு வந்து 1965இல் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். பின்னர் அதனை அசைபடத் தொடராகவும் ஆக்கினார். அயலார் அறிந்த அருமையை அகத்தார் அறியாதது நாணத்தக்கது.

ஆகாது என்பார்க்கு ஒரு சான்று. கோவை இளைஞரான ஆதி, 'இப்காப் தமிழா' எனத் தம் குழுப்பெயரில் பாதியை அயல்மொழிக்கு ஈந்தவரே. எனினும் 2019இல் தமிழெழுத்தின் வரலாற்றைத் 'தமிழி' என்னும் ஆவணத் தொடராக்கினார். பெயரும் தமிழ், பொருளும் தமிழ். இளைஞர் அதனை விரும்பிப் பார்த்தனர் அன்றோ?

1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றிய நாளில், தமிழ்நாட்டு மேடையில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்பதே போராட்டம். இன்று தமிழ் ஒலிக்கிறது. அதற்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்பதற்கே போராட வேண்டியுள்ளது!

தமிழ் இளைஞரே! குழுவின் பெயர் தமிழாகட்டும். பாட்டின் தலைப்புத் தமிழாகட்டும். பெயர்ப்பட்டியல் தமிழெழுத்தில் ஓடட்டும். பழமையை மீட்கப் புறப்பட்டீர். முதலில் தமிழை மீட்பீர்!