சக்கரத்துக்கும் ஒரு கையெழுத்து

அமெரிக்காவில் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர், விமானி உரிமம் இருந்தால், டயரைத் தாமே மாற்றலாம். சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கலாம். ஆனால் என்ன செய்தார், எந்தத் தேதியில் செய்தார் என்று பதிவேட்டில் எழுதி, உரிம எண்ணோடு கையெழுத்திட வேண்டும்.

"டயர் மாற்றியதற்கெல்லாம் கையெழுத்தா?" என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். கோப்புகளோடு காலம் கழித்த நான் அந்த விதியின் பக்கம்.

அந்தச் சக்கரம் இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட் போட்டது. காற்றை இறக்காமல் போல்ட்டைக் கழற்றினால் வெடித்து ஆளையே கொல்லக்கூடும். பிரேக்குக்கு ஊற்றுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும், பிரேக் கைவிட்டுவிடும்.

கையெழுத்துப் போட வேண்டியவர், ஊற்றுமுன் டப்பாவை ஒருமுறை படித்துப் பார்ப்பார். அதற்காகவாவது அந்தப் பதிவேடு வேண்டும்.