ஹாலிவுட் கியூபாவைப் பிடித்த கதை!

1961 ஏப்ரலில் அமெரிக்க உளவு ஸ்தாபனம் திரட்டி அனுப்பிய கூலிப்படை, கியூபாவின் பிளாயா கிரோன் கடற்கரையில் மூன்றே நாட்களில் மண்ணைக் கவ்வியது. களத்திலே முடியாத காரியத்தை 2003-ல் ஹாலிவுட் முதலாளிகள் வெள்ளித்திரையிலே முடித்துக் கொண்டார்கள். ‘பேட் பாய்ஸ் 2’ என்ற படத்தைத்தான் சொல்கிறோம்.

இரண்டு போலீஸ்காரர்கள், ஓயாத வாய்ச்சண்டை, துப்பாக்கிச் சூடு, நடுநடுவே தமாஷ். 1995-ல் வந்த முதல் படத்துக்குப் போட்ட முதல் 1 கோடியே 90 லட்சம் டாலர். வசூலானது 14 கோடி டாலருக்கும் மேல். லாப ருசி கண்ட மூலதனம் சும்மா இருக்குமா? அதே தயாரிப்பாளர் ஜெர்ரி புரூக்ஹைமர், அதே டைரக்டர் மைக்கேல் பே, அதே நடிகர்கள் வில் ஸ்மித், மார்ட்டின் லாரன்ஸ். முதல் மட்டும் ஏறக்குறைய ஏழு மடங்கு: சுமார் 13 கோடி டாலர்! இரண்டாம் பாகம் என்பது கலைஞனின் தாகத்தில் பிறந்த குழந்தையல்ல. வட்டிக்கு விட்ட பணத்தின் குட்டி.

13 கோடியைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் முன்னைவிடப் பெரிதாக உடைக்க வேண்டும், முன்னைவிடப் பெரிதாக எரிக்க வேண்டும். மியாமி தெருக்கள் போதவில்லை. கதாநாயகர்கள் போதைமருந்துக் கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு, எந்தச் சட்ட அனுமதியும் இல்லாமல் ஆயுதங்களோடு கியூபாவுக்குள்ளேயே நுழைகிறார்கள். மலைச்சரிவில் உள்ள ஏழைகளின் குடிசைகளை மஞ்சள் ஹம்மர் வண்டியால் இடித்து நொறுக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். குடிசைகளெல்லாம் போதைமருந்து காய்ச்சும் இடங்களாம்! ஒரு வார்த்தை வசனத்தில் ஓர் ஊரையே குற்றவாளியாக்கி விட்டார்கள்.

இந்தக் “கியூபா” எங்கே இருந்தது? மலைச்சரிவு, 1898 முதல் அமெரிக்க ஆதிக்கத்தில் உள்ள போர்ட்டோ ரிக்கோவில். வெடிவைத்துத் தகர்த்த கடத்தல்காரன் மாளிகையோ புளோரிடாவின் டெல்ரே பீச்சில்! தங்கள் ஊர்ப் பணக்கார மாளிகையைக் காட்டி, இதுதான் கியூபா என்று உலகத்தை நம்பச் சொன்னார்கள்.

கதாநாயகர்கள் கடைசியில் தஞ்சம் புகுவது எங்கே? குவாண்டனாமோ கடற்படைத் தளத்தின் வாசலில். அது கியூப மண். 1903-ல் குத்தகை என்ற பெயரால் பிடித்துக்கொண்ட இடம். புரட்சி சர்க்கார் ஆரம்பத்தில் ஒரே ஒரு செக்கை மாற்றியதோடு சரி. அதன் பிறகு அந்த வாடகைப் பணத்தைத் தொடவில்லை. 2002 ஜனவரி முதல் அங்கே விசாரணையின்றி மனிதர்களை அடைத்து வைத்தார்கள். உலகமே காறித் துப்பிய அந்தச் சிறைக் கொட்டடியின் வாசல், படத்தில் நல்லவர்களுக்கு மோட்ச வாசல்!

“வெறும் தமாஷ் படத்தில் அரசியலைத் தேடுவானேன்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அரசியலை நாம் கொண்டு போய் வைக்கவில்லை, படமெடுத்தவர்கள் வைத்தார்கள். ஐ.நா. சபையின் அங்கீகாரமின்றி அமெரிக்கா ஈராக்கின்மீது படையெடுத்தது 2003 மார்ச்சில். படம் திரைக்கு வந்தது ஜூலையில். யுத்தத்தைப் பார்த்து எடுத்த படமல்ல அது. ஆனால் இரண்டுக்கும் நியாயம் ஒன்றே: நாங்கள் நல்லவர்கள், ஆகவே எந்த நாட்டு எல்லையும் எங்களைத் தடுக்காது!

“கதாநாயகர்கள் இருவரும் கறுப்பினத்தவராயிற்றே, இது முன்னேற்றமில்லையா?” என்றும் கேட்கிறார்கள். கறுப்பின நடிகர்கள் முன்னணிக்கு வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதே மியாமியில் 1979-ல் ஆர்தர் மக்டஃபி என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்தே கொன்றார்கள். 1980-ல் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி அவர்களை விடுதலை செய்தது, நகரம் கொந்தளித்தது, 18 உயிர்கள் போயின. அந்த லத்தியைக் கறுப்புக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னால் லத்தி மாறிவிடுமா?

சிரிப்புக்கு நாம் விரோதிகளல்ல. சார்லி சாப்ளினும் சிரிக்க வைத்தார். அங்கே போலீஸ்காரன் துரத்துவான், பஞ்சைப் பராரி தப்புவான். ஜனங்கள் ஏழையின் பக்கம் நின்று சிரித்தார்கள். அந்த மேதையை 1952-ல் நாட்டுக்குள் திரும்பவிடாமல் தடுத்தது அமெரிக்க சர்க்கார். இங்கே போலீஸ்காரன் வண்டியேற்றுகிறான், ஏழையின் கூரை பறக்கிறது. நம்மைப் போலீஸ்காரன் பக்கம் நின்று சிரிக்கச் சொல்கிறார்கள்.

2020-லும் 2024-லும் மேலும் இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. லாபம் உள்ளவரை இன்னும் வரும். தோழர்களே, பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கொட்டகையில் கைதட்டல் எழும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இடிந்து விழுவது யாருடைய வீடு?