எந்தக் கணினியிலும் ஓடட்டும் உங்கள் நிரல்

மாணவர்களே, 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் சேவை தொடங்கியது. மறு ஆண்டே சிலாங்கூரும் தன் முதல் பாதையைத் திறந்தது. இரண்டையும் போட்டவை வெவ்வேறு நிர்வாகங்கள். ஆனால், தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இரண்டிலும் ஒரே மீட்டர்தான். 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே பாதையாக இணைக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷெல் நிரல்களுக்கும் இப்படி ஒரு பொது அளவு உண்டு. அதன் பெயர் போசிக்ஸ். ஷெல்லும் அதன் கட்டளைகளும் எப்படி இயங்க வேண்டும் என்பதை இத்தரநிலை 1992இல் வரையறுத்தது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் முதல் நாளிலிருந்தே இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து.

தைப்பிங்கின் மழை அளவை நாள்தோறும் ஒரு கோப்பில் பதிவதாக வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாள்களை 'ஆக்' கட்டளை பிரித்தெடுக்கும். 'சார்ட்' அவற்றை வரிசைப்படுத்தும். ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்கு அனுப்புவது 'குழாய்'. டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனைப்படி 1973இல் யுனிக்ஸில் சேர்ந்த வசதி இது.

சிக்கல் எங்கே வருகிறது? 'கிரெப்' கட்டளையின் பெரிய 'பி' விருப்பம் லினக்ஸில் வேலை செய்யும். மேக் கணினியில் உள்ள கிரெப்புக்கு அது தெரியாது. கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'செட்' கட்டளையின் 'ஐ' விருப்பத்தை இரண்டிலும் வெவ்வேறு விதமாக எழுத வேண்டும்.

இவையாவது பிழைச்செய்தி காட்டும். தமிழில் வரும் சிக்கல் சத்தமே இல்லாமல் நடக்கும். 'தைப்பிங்' என்ற சொல்லில் நம் கணக்குப்படி நான்கு எழுத்துகள். யூனிகோட் கணக்கில் 8 குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள் வீதம் 24 பைட்டுகள். இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 'ஜிஆக்' வழக்கமாக 8 என்னும்; 'எம்ஆக்' 24 என்னும். பத்துக்கு மேல் நீளமுள்ள பெயர்களை மட்டும் எடுக்கச் சொன்னால், ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு பட்டியல்களைத் தரும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் இதைக் கவனிக்கவே மாட்டார். தமிழை நாம் சோதிக்காவிட்டால் வேறு யார் சோதிப்பார்?

"பைத்தான் இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பெரிய வேலைக்குப் பைத்தான் நல்லதுதான். ஆனால், அதைத் தனியாக நிறுவ வேண்டிய கணினிகள் பல உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் ஷெல் ஏற்கெனவே இருக்கிறது. புதுக் கணினி வாங்க வசதியில்லாத மாணவர், பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி அன்றே பழகத் தொடங்கலாம். நண்பரின் நிரல் அதில் ஓடாவிட்டால் அவர் என்ன செய்வார்?

வழிகள் எளியவை. நிரலின் முதல் வரியில் 'பாஷ்' என்று எழுதாமல் 'எஸ்எச்' என்று எழுதுங்கள். 'எக்கோ'வுக்குப் பதில் 'பிரிண்ட்எஃப்' பயன்படுத்துங்கள். திருத்திய உரையைப் புதிய கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றுங்கள். தமிழ்ச் சொற்களின் நீளத்தை வைத்து எதையும் வடிகட்டாதீர்கள். அடையாளக் குறியால் பிரித்த பத்திகளைக் கொண்டு வடிகட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் நிரலை வேறொருவரின் கணினியில், தமிழ் எழுத்துகள் உள்ள கோப்பைக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே விடை வந்தால்தான் அந்த நிரலை முடித்ததாகச் சொல்லலாம்.