இலவச டெலிவரி - 380 ரூபாய் மட்டும்!

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்... வழக்கமான சாக்குதான், விடுங்க. இந்தத் தடவை என்னைப் புடிச்சு எழுத உக்கார வச்சது ஒரு 380 ரூபா.

அம்மாவோட பழைய கிரைண்டர் தை மாசமே மண்டையைப் போட்டுடுச்சு. அம்மா இருக்கறது உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நான் சென்னை. நேர்ல போய் வாங்கிக் குடுக்க லீவு இல்லை. சரின்னு ஒரு ஆன்லைன் கடையில 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பாத்தேன். விலை 4,290 ரூபா. கீழேயே பச்சை எழுத்துல "தமிழ்நாடு முழுவதும் இலவச டெலிவரி". அம்மா ஊர் பின்கோடு போட்டேன், வாங்கிக்கிச்சு. கடைசிப் பக்கத்துல டெலிவரி கட்டணம் சைபர், மொத்தம் 4,290. காசைக் கட்டிட்டு, ஏதோ பெரிய சாதனை பண்ணின மாதிரி தங்கமணிகிட்ட பீத்திக்கிட்டேன்.

ஆறாவது நாள் அம்மா போன்.

"கிரைண்டர் வந்துருச்சுப்பா. நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ காசு கட்டிட்டேன்னுதான சொன்ன? அந்தப் புள்ள 380 ரூவா கேட்டுச்சு. எங்கிட்ட 200தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுல 180 வாங்கிக் குடுத்தேன்."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏம்மா குடுத்தீங்க? எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியதுதானே?"

"வேகாத வெயில்ல அம்புட்டு கனத்தைத் தூக்கிட்டு வந்து நிக்கிறான். தரமாட்டேன்னு எப்படிப்பா சொல்றது? தெருவே பாக்குது. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இனிமே இப்படி எதையும் அனுப்பாத. நீ அனுப்புற, எனக்குல்ல செலவாகுது."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கு பாருங்க... அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

அடுத்து நான் பண்ணின காரியம் சொல்லிக்கிற மாதிரி இல்லை. இருந்தாலும் சொல்லிடறேன். டெலிவரி பண்ணின தம்பி நம்பரைத் தேடிப் புடிச்சு, எடுத்த எடுப்புல கத்தினேன். வயசானவங்கன்னா ஏமாத்துவியா, போலீசுக்குப் போவேன், அது இதுன்னு. அந்தத் தம்பி முழுசாக் கேட்டுட்டு அமைதியாச் சொன்னார். "சார், உங்க ஊர் எங்களுக்கு ஓடிஏ சார். பிராஞ்சுல எழுதிக் குடுக்கறதைத்தான் வாங்கறேன். வாங்காமப் போனா எங்கிட்டதான் புடிப்பாங்க. பெட்டி மேல ஸ்லிப் இருக்கும் பாருங்க."

ஓடிஏ-ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கூரியர்காரங்க தினசரி போற எல்லைக்கு வெளியில இருக்கற ஊர். அந்த மாதிரி ஊருக்குப் போகணும்னா கூடுதல் கட்டணம். அதைப் பார்சல் அனுப்பறவர் கட்டணும், இல்லேன்னா வாங்கறவர் தலையில விழும். கடைக்காரர் கூரியர்கிட்ட சாதா ரேட்டுக்குப் பேசி பெட்டியை அனுப்பிடுவார். பெட்டி கிளைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் "இது எல்லைக்கு வெளியே"ன்னு தெரியும். அப்போ ரெண்டே வழி. 20 கிலோமீட்டர் போய் நீங்களே தூக்கிட்டு வரணும், இல்லேன்னா காசு குடுக்கணும். சென்னைல, கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு ஆர்டர் பண்றவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. கிராமத்துல இருக்கறவங்களுக்கு இது பழகிப் போச்சு. அதுதான் கொடுமை.

கடைக்குப் போன் பண்ணினா, "அது கூரியர் சார்ஜ் சார், எங்களுக்கு சம்பந்தம் இல்லை"ங்கறாங்க. கூரியர் கிளைக்குப் பண்ணினா, "அனுப்பினவங்க ஓடிஏ கட்டலை, அவங்களைக் கேளுங்க"ங்கறாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பந்து.

சரி, சட்டம் என்னதான் சொல்லுதுன்னு ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம். இவ்வளவு தெளிவா எழுதி வச்சிருக்காங்க, நமக்குத்தான் யாரும் சொல்லலை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில. அதே மாசம் மின்வணிகத்துக்குன்னு தனியா விதிகள் போட்டாங்க. அதுல 6-வது விதி, விக்கறவரோட கடமைகளைச் சொல்லுது. பொருளோட மொத்த விலையை ஒரே தொகையாக் காட்டணும். அதோட, டெலிவரி கட்டணம், தபால் செலவு, கையாளும் செலவு, வரி எல்லாத்தையும் பிரிச்சும் காட்டணும். கட்டாயமானது எது, நம்ம விருப்பத்துக்கு உட்பட்டது எதுங்கறது உட்பட. இதையெல்லாம் மேடையில, அதாவது அந்த ஆப்லயோ தளத்துலயோ, நம்ம கண்ணுல படற மாதிரி வைக்கணும்.

இன்னொண்ணு. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் "டார்க் பேட்டர்ன்"னு சொல்லப்படற ஏமாத்து வேலைகள் 13-ஐப் பட்டியல் போட்டுத் தடை பண்ணிச்சு. அதுல ஒண்ணு டிரிப் பிரைசிங். நம்ம ஊர் பாஷையில, சொட்டுச் சொட்டா விலையைச் சொல்றது. முதல்ல ஒரு விலை காட்டி உள்ளே இழுத்துட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா ஏத்தறது. பணம் கட்டற பக்கத்துல காட்டின தொகைக்கு மேல, வாங்கறதை உறுதி செஞ்சதுக்கு அப்புறம் வசூலிக்கறதும் இந்த விளக்கத்துக்குள்ளேயே வருது. எங்க அம்மாகிட்ட நடந்ததும் இதுதானே!

நியாயமாப் பேசுவோம். டெலிவரிக்குக் காசு வாங்கறது தப்பே இல்லை. பெட்டி தானா நடந்து வராது. ஒருத்தர் பெட்ரோல் போட்டு, முதுகு வலிக்கத் தூக்கிட்டு வரணும். நான் உடன்குடியில ஒருத்தர்கிட்ட கருப்பட்டி வாங்கறதுண்டு. அவருக்கு ஆப் கிடையாது, தளம் கிடையாது, வாட்ஸப்தான். "அண்ணே, 2 கிலோ கருப்பட்டிக்கு இவ்வளவு, சென்னைக்குப் பார்சலுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, சரின்னா அனுப்புங்க"ன்னு முதல்லயே மெசேஜ் போட்டுடுவார். நானும் ஒரு நாளும் முணுமுணுத்தது இல்லை. தனி ஆளா இருக்கற அவரால முடியுது. பின்கோடு போட்டா ஊர் பேரே சொல்ற கம்ப்யூட்டர் வச்சிருக்கற கடையால, அந்த ஊருக்குக் கூடுதலா ஆகும்னு சொல்ல முடியாதா? முடியும். சொன்னா நாம வாங்காமப் போயிடுவோமோன்னு பயம். அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். விலைங்கறது பணம் கட்டறதுக்கு முன்னாடி சொன்னது. அதுக்கப்புறம் வாசல்ல வந்து கேக்கறது நம்ம கடன் இல்லை. அது கடைக்கும் கூரியருக்கும் நடுவுல இருக்கற கணக்கு. அந்தக் கணக்கை வெயில்ல நிக்கற ஒரு பையனையும், வாசல்ல நிக்கற ஒரு வயசான அம்மாவையும் மோத விட்டுத் தீர்க்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். ரெண்டு பேர்ல ஒருத்தர் கையைக் கடிச்சாகணும். இதை ஏற்பாடு பண்ணினவங்க யாரும் அந்த வாசல்ல இல்லை.

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல்ல ஆதாரம். ஆர்டர் உறுதின்னு வந்த மெயில்ல "டெலிவரி: 0"ன்னு இருந்துச்சு. அம்மாகிட்ட ரசீது இல்லை. ஆனா எங்க வீட்டுல அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடற வழக்கம் கிடையாது ;-) பெட்டி மேல பிராஞ்சு சீலோட ஸ்லிப், அதுல பேனாவால "ஓடிஏ 380". பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ரெண்டாவது, கடையோட குறைதீர் அலுவலருக்கு மெயில். ஒவ்வொரு ஆன்லைன் கடையும் அப்படி ஒருத்தரைப் போட்டு, பேரையும் தொடர்பு விவரத்தையும் தளத்துல வைக்கணும்ங்கறது அதே 2020 விதி. புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். நான் கோபம் எதுவும் காட்டாம பத்து வரியில எழுதினேன். ஆர்டர் எண், தேதி, காட்டின தொகை, வாங்கின தொகை, 6-வது விதி. "டெலிவரி செய்தவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை"ன்னு ஒரு வரி சேத்தேன். பதில் இல்லை.

மூணாவது, 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அவங்களுக்குத் தீர்ப்பு சொல்ற அதிகாரம் கிடையாது, கேஸுக்கு முன்னாடி பேசித் தீர்க்கப் பாக்கற இடம். ஆனா அங்க இருந்து ஒரு புகார் எண் போச்சுன்னா கடைக்காரங்க காது கொஞ்சம் கேக்கும்.

அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதுல பல பேருக்குத் தெரியாத சங்கதி மூணு. ஒண்ணு, கடை டெல்லியில இருந்தாலும் நாம குடியிருக்கற ஊர்லயே புகார் குடுக்கலாம், 2019 சட்டம் அதை அனுமதிக்குது. ரெண்டு, 5 லட்ச ரூபா வரைக்கும் விலை குடுத்த விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, ஆன்லைன்லயே போடலாம். 2025 ஜனவரி 1-ல இருந்து அதுக்கு இ-ஜாக்ரிதின்னு தளம் இருக்கு. மூணு, காசு கட்டினவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவர் சம்மதத்தோட அந்தப் பொருளைப் பயன்படுத்தறவரும் நுகர்வோர்தான். அதாவது எங்க அம்மாவும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். "உங்க பார்சல் நிக்குது, முகவரியை உறுதி செய்ய இந்த லிங்க்ல சின்னத் தொகை கட்டுங்க"ன்னு குறுஞ்செய்தி வந்தா அது டெலிவரி கட்டணமே இல்லை, திருட்டு. தபால் துறை பேர்லயே அப்படிப் போலிச் செய்திகள் சுத்தியிருக்கு. தொடாதீங்க. தொட்டுட்டீங்கன்னா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சொல்லாம வந்து கேக்கற கட்டணத்தைக் கேள்வி கேக்காமக் குடுத்துப் பழகிட்டோம்ல, அந்தப் பழக்கத்துலதான் இவனுங்க மீன் புடிக்கிறானுங்க.

"380 ரூபாய்க்கு இவ்வளவு அக்கப்போரா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். என் நேரத்தைக் கணக்குப் போட்டா நஷ்டம்தான். ஆனா இந்தக் கணக்கை நம்பித்தான் அவங்க வியாபாரமே நடக்குது. ஒருத்தர்கிட்ட 380, யாரும் கேக்கமாட்டாங்க. இந்தக் காசு அம்மாவுக்கு எத்தனை நாள் பால் காசுன்னு தெரிஞ்சவங்களும் வெக்கத்துக்குப் பயந்து குடுத்துடுவாங்க. கேக்கறவன் ஒருத்தனாவது இருக்கணும்ல?

1915-ல பதிஞ்ச பன்னெண்டாவது நாள் கடையில இருந்து போன். "தவறுதலா நடந்துருச்சு சார்"ன்னு 380 ரூபாயைத் திருப்பிட்டாங்க. அந்த ஊர் பின்கோடுக்கு இன்னும் "இலவச டெலிவரி"தான் காட்டுது, நான் பாத்தேன். அதனால இதை வெற்றின்னு சொல்ல மாட்டேன். என் காசு வந்துச்சு, அவ்வளவுதான். அடுத்த அம்மாவுக்கு அடுத்த புள்ள கேக்கணும்.

அன்னைக்கே அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார், பழகிப்போச்சு"ன்னார். அது மன்னிச்ச மாதிரி இல்லை, நெசமாவே பழகிப் போன மாதிரி இருந்துச்சு.

அம்மாகிட்ட காசு வந்துருச்சு, அனுப்பறேன்னு சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தா, முதல் கேள்வி: "அந்தப் புள்ள சம்பளத்துல எதுவும் புடிச்சுட்டாங்களாப்பா?"

இல்லைம்மா, கடைதான் குடுத்துச்சுன்னேன்.

"அப்பச் சரி"ன்னு சொல்லிட்டு, மிக்ஸியும் ரிப்பேர்னு மெதுவா ஆரம்பிச்சாங்க. ஊருக்கு வர்றப்போ நானே கையில தூக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன் :-)

டிஸ்கி: கடைப் பேரு, கூரியர் பேரு கேக்காதீங்க. பேரை மாத்தினாலும் கதை மாறாது.