பழி பேட்டரி மேல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் வாசலில் முறை வரும்வரை லாரிகள் காத்துக் கிடக்கின்றன. எஞ்சினை அணைத்தால் கேபின் கொதிக்கும். ஓடவிட்டால் டீசல் கரையும். 2025 முதல் புதிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்பது நல்ல சட்டம்தான், ஆனால் அந்த ஏசிக்கும் பெரும்பாலும் எஞ்சின் ஓட வேண்டும். அமெரிக்க நெடுந்தூர லாரிகள் பலவற்றில் இதற்கென்றே தனிச் சிற்றெஞ்சின் உண்டு. நம் ஓட்டுநருக்கு ஒரு மின்விசிறி, இரண்டு பேட்டரி. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. லாரியின் மின்சுற்று 24 வோல்ட், விசிறியோ 12. வரிசையாகக் கோத்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அது வடிகிறது, ஆல்டர்னேட்டர் இரண்டுக்குமாக 28 வோல்ட் ஏற்றும்போது, ஏற்கெனவே நிறைந்திருக்கும் மற்றது சூடேறித் தண்ணீர் வற்றுகிறது. ஒரு நாள் காலை செல்ஃப் எடுக்காது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கினால் அதுவும் அப்படியே கெடும். இரண்டையும் தனித்தனியே மீட்டரில் பாருங்கள்: ஒன்று 12.6 காட்டும், மற்றது 12-க்கும் கீழே கிடக்கும். செல்ஃப் அடிக்கையில் எர்த் கேபிளின் இரு முனைகளுக்கிடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குற்றம் இணைப்பில். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று சும்மா விடாது. ஃபியூஸுக்குப் பதில் செம்புக்கம்பி சுற்றுவதை மட்டும் எந்த அவசரத்திலும் மன்னிக்க முடியாது, உள்ளே ஒரு மனிதர் தூங்குகிறார். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை லாரி முதலாளிகளே போட்டுத் தர வேண்டும். காக்கவைக்கும் ஆலைகள் நிழலும் பிளக் பாயின்ட்டும் தரக் கடமைப்பட்டவை.